ரிப்போர்ட் எல்லாம் நார்மலாம், ஆனால் உடம்பில் தெம்பே இல்லை. எங்கிருந்து தேடுவது?

திருப்பூர் மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 36. பனியன் கம்பெனி ஒன்றில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு நாலு வயது. பிரச்சினை ஒன்றுதான், அசதி. வேலை செய்து வருகிற அசதியைச் சொல்லவில்லை, அது யாருக்குத்தான் இல்லை. இது காலையில் கண் முழிக்கும்போதே கூட இருக்கிறது. ஆபீஸ் இரண்டாவது மாடி, திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே ஏற முடிகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஜிஎஸ்டி கட்டுகிற வாரத்தில் ஒரே பில்லைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எண் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. சின்னவன் தூக்கு என்று கையை நீட்டினால் எரிச்சலாக வருகிறது, அப்புறம் அதை நினைத்து அழுகை.

டாக்டரிடம் போகாமல் இல்லை. முதலில் பார்த்தவர் சத்து டானிக்கும் பி காம்ப்ளக்சும் எழுதினார். அடுத்தவர் ரத்தம் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 11.6, சுகர் நார்மல், தைராய்டில் டிஎஸ்எச் 5.3, வைட்டமின் டி 17. ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "நம்ம ஊர் லேடீசுக்கு பதினொன்றரை எல்லாம் நார்மல்தாம்மா, டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி வாரம் ஒரு வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார். அது ஒரு கோர்ஸ் முடித்தாயிற்று, பெரிதாக வித்தியாசம் இல்லை. வீட்டுக்காரர் காலையில் வாக்கிங் போகச் சொல்கிறார். மாமியார் கருத்து வேறு, அதை இங்கே எழுதினால் திரி திசை மாறிவிடும்.

யூடியூபில் க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம் என்று ஒன்றைப் பார்த்ததிலிருந்து அதுவாக இருக்குமோ என்று பயம். முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் விளம்பரமும் விடாமல் துரத்துகிறது, எண்பது டெஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்களாம். அதை எடுத்துவிடலாமா?

வேறென்ன, முடி கொட்டுகிறது. ராத்திரி படுத்தால் காலுக்குள் என்னமோ ஊறுகிற மாதிரி இருக்கும், நீட்டி மடக்கி, எழுந்து நாலு நடை நடந்தால்தான் அடங்கும். அரிசி களையும்போது ஒரு பிடி பச்சையாக வாயில் போட்டு மெல்லுவேன், அது ரொம்ப நாள் பழக்கம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. பீரியட்ஸ் ஏழெட்டு நாள் போகும், எனக்கு எப்பவும் அப்படித்தான்.

---

மதுரை லேப்காரி:

மல்லி, நீ கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய் பார், அதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பச்சரிசி மெல்லுவது, ராத்திரி கால் ஊறுவது, ஏழெட்டு நாள் உதிரப்போக்கு, மாடி ஏறினால் படபடப்பு. நான் டாக்டர் இல்லை, ரத்தம் எடுத்து ரிப்போர்ட் போடுகிறவள், ஆனால் இந்த நாலும் ஒரே ஆளிடம் இருந்தால் முதலில் இரும்புச்சத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, சாம்பல், மண், ஐஸ் கட்டி என்று எதையாவது மெல்லத் தோன்றுவது இரும்பு குறைந்த உடம்பில் அடிக்கடி பார்க்கிற விஷயம். பலர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. இரும்பு ஏறியதும் அந்த ஆசை பெரும்பாலும் தானாக விட்டுப்போகும்.

11.6 நார்மல் இல்லை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம்ம ஊர்ப் பெண்களுக்கு அது சகஜம் என்பது உண்மைதான், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு இருக்கிறது என்பதற்காக அதை நார்மல் என்று எப்படிச் சொல்வது? எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இன்னொன்று, ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். வீட்டில் தினமும் உலையில் போடுகிற அரிசி ஹீமோகுளோபின் என்றால் குதிரில் கிடக்கிற நெல் ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேர்த்துவைத்திருக்கிற இரும்பின் அளவு. குதிர் காலியாகிக்கொண்டிருக்கும்போதும் கொஞ்ச நாளைக்கு உலையில் அதே அளவுதான் விழும். அதனால் ஹீமோகுளோபின் 12.5 இருந்தும் ஃபெரிட்டின் பத்துக்குள் இருக்கிற பெண்கள் நிறையப் பேர், அவர்களுக்கும் அசதி நிஜமாகவே இருக்கும். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் கையிருப்பு தீர்ந்தது என்று அர்த்தம். 30-க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். காலில் ஊறல் இருப்பவர்களுக்கு 75 வரை ஏற்றப் பார்ப்பார்கள்.

உன் பழைய ரிப்போர்ட்டையே எடு. சிபிசியில், அதாவது ரத்த அணுக்களை எண்ணுகிற டெஸ்டில், ஹீமோகுளோபினுக்குக் கீழே எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு), ஆர்டிடபிள்யூ (சிவப்பணுக்களின் அளவில் இருக்கிற ஏற்றத்தாழ்வு) என்று இருக்கும், யாரும் கண்டுகொள்ளாத வரிகள். எம்சிவி 80-க்குக் கீழே போயிருந்தால் சிவப்பணு சிறுத்திருக்கிறது. ஆர்டிடபிள்யூவும் கூடியிருந்தால் இரும்புக் குறைவு பக்கம் சாயும். எம்சிவி ரொம்பக் குறைவு, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை மட்டும் அதிகம் என்றால் தலசீமியா கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஹீமோகுளோபின் உருவாவதில் பரம்பரையாக வருகிற குறை, அதற்கு வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை.

பேக்கேஜ் வேண்டாம். லேப்பில் சம்பளம் வாங்குகிற நானே சொல்கிறேன். எண்பது டெஸ்ட் என்பார்கள், சிபிசி ஒன்றையே இருபது இருபத்தைந்து டெஸ்டாக எண்ணிப் போட்டிருப்பார்கள், லிவருக்குப் பத்துப் பன்னிரண்டு, யூரினுக்கு இன்னொரு பதினைந்து. பல பேக்கேஜில் ஃபெரிட்டின் இருக்காது. உனக்கு இப்போதைக்கு வேண்டியது சிபிசி மறுபடி, ஃபெரிட்டின், பி12, தைராய்டில் டிஎஸ்எச்சோடு ஃப்ரீ டி4, கிட்னிக்கு கிரியாட்டினின், கூடவே அழற்சியைக் காட்டுகிற சிஆர்பி. சிஆர்பி எதற்கென்றால், உடம்பில் எங்காவது அழற்சியோ காய்ச்சலோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், இரும்பே இல்லாதவருக்குக்கூட நார்மல் என்று வந்துவிடும்.

டிஎஸ்எச் 5.3 என்பது இரண்டுங்கெட்டான். அதை வைத்து உடனே ஆயுசுக்கும் மாத்திரை தொடங்கவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று விடவும் வேண்டாம், இரண்டு மூன்று மாதம் கழித்து ஃப்ரீ டி4, டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டைத் தாக்குகிற எதிர்ப்பொருள்) இரண்டோடும் திரும்பப் பார்ப்பார்கள். முடி கொட்டுகிறது என்கிறாயே, அதற்கு பயோட்டின் கலந்த மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்திவிடு, தைராய்டு அளவைக் குழப்பிவிடும்.

இரும்பு குறைவு என்று உறுதியானால் அதோடு நிற்கக் கூடாது, எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, பெரிய கட்டிகளாகப் போகிறதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? ஏழு நாளைத் தாண்டினாலே மகப்பேறு டாக்டரைப் பார்த்து ஒரு ஸ்கேன் எடுப்பது நல்லது. "எனக்கு எப்பவும் அப்படித்தான்" என்பதை அங்கே போய்ச் சொல்லிவிடாதே. இதுவே ஒரு ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்பு இறங்கினால் வயிற்றிலோ குடலிலோ கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், வெறும் மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது.

---

கொங்குச் சமையல் 58:

கண்ணு, இவ்வளவு டெஸ்டெல்லாம் எதுக்கு? தினமும் நாலு பேரீச்சம்பழம், ஒரு மாதுளை, பீட்ரூட் ஜூஸ். ஒரே மாசத்தில் ரத்தம் ஊறும். எங்க காலத்தில் ஃபெரிட்டினா பார்த்தோம்?

---

மதுரை லேப்காரி:

அம்மா, சாப்பிடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நூறு கிராம் பேரீச்சையில் இரும்பு சுமார் ஒரு மில்லிகிராம். மாதுளையில் அரை மில்லிகிராம்கூட இல்லை, சிவப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் ஊர்ப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர். அதுவும் செடியிலிருந்து வருகிற இரும்பைக் குடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். அந்தக் காலத்தில் ஃபெரிட்டின் பார்க்கவில்லை என்பது சரிதான், பிரசவத்தில் எத்தனை பேரைப் பறிகொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கறி சாப்பிடுகிற வீடு என்றால் ஈரல், சுவரொட்டி நல்லது, அந்த இரும்பு சீக்கிரம் ஏறும். கீரை, பயறு என்றால் கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. குதிர் காலியான பிறகு சாப்பாட்டால் மட்டும் அதை நிரப்ப முடியாது, காலியாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அது.

---

நைட் சவாரி நாகு:

லேப் அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தத் தலைப்பைப் பார்த்து உள்ளே வருகிற ஆம்பளைங்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் கால் டாக்சி ஓட்டுகிறேன். எனக்கும் அசதிதான், ஆனால் மல்லி அக்கா சொல்கிற அசதி வேறு, என்னுடையது வேறு. எனக்கு மூச்சு வாங்காது, படி ஏறுவேன், மூட்டை தூக்குவேன். உட்கார்ந்தால் போச்சு. கத்திபாரா சிக்னலில் நிற்கிற நேரத்தில் கண் சொக்கிவிடும், பின்னால் ஹாரன் அடித்துத்தான் எழுப்புவார்கள். எட்டு மணி நேரம் தூங்கினாலும் காலையில் வாய் வறண்டு தலை கனத்துக்கொண்டு எழுவேன், ராத்திரி ரெண்டு மூணு தடவை ஒன்றுக்குப் போக எழ வேண்டியிருக்கும். சுகராக இருக்கும் என்று பார்த்தால் சுகர் இல்லை.

என் மனைவிதான் ஒரு ராத்திரி போனில் வீடியோ எடுத்து வைத்தாள். குறட்டை பெரிதாகப் போகிறது, திடீரென்று நிற்கிறது, சத்தமே இல்லை, நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது, காற்று உள்ளே போகவில்லை. அப்புறம் ஒரு பெரிய திணறலோடு திரும்ப ஆரம்பிக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்ததும் நுரையீரல் டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை, ஸ்லீப் ஸ்டடி எழுதினார். மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப், நெஞ்சில் பட்டை, ஒரு ராத்திரி தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு 41 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது, ஸ்லீப் ஆப்னியா என்று இதற்குப் பெயர். அஞ்சுக்கு மேல் போனாலே கணக்கில் வரும், முப்பதைத் தாண்டினால் தீவிரம். தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறேன், மூளை ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து மூச்சைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

சீபேப் என்று ஒரு மெஷின், மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும், மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கணும். முதல் ஒரு வாரம் தூக்கி எறியலாம் போல இருந்தது. இப்போது அது இல்லாமல் மாமனார் வீட்டுக்குக்கூடப் போவதில்லை. விலை ஜாஸ்திதான், ஆனால் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

எனக்குத் தொப்பை பெரிதாகக் கிடையாது. குண்டாக இருக்கிறவனுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள், சின்னத் தாடை, கழுத்து அமைப்பு என்று பல காரணம் இருக்கிறதாம். எப்வொர்த் ஸ்கேல் என்று எட்டே கேள்வி இருக்கிறது, டிவி பார்க்கும்போது, வண்டியில் போகும்போது, சாப்பிட்டு உட்காரும்போது தூங்கிவிடுவீர்களா என்கிற மாதிரி. மொத்தம் 24-க்கு பத்துக்கு மேல் வந்தால் டாக்டரிடம் போங்கள், வண்டி ஓட்டுகிறவர் என்றால் இன்றைக்கே போங்கள். அப்புறம் சளி, அலர்ஜிக்கு என்று தினமும் செட்ரிசின் போடுகிறவர்கள், நரம்பு வலிக்கு பிரிகாபலின், பிரஷருக்கு அட்டெனலால் மாதிரி மாத்திரை எடுக்கிறவர்கள், அசதி எப்போது ஆரம்பித்தது, மாத்திரை எப்போது ஆரம்பித்தது என்று ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுத்துவதை மட்டும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

---

சேலம் கண்ணன்:

தப்பாக நினைக்க வேண்டாம். இந்தக் காலத்தில் பாதி அசதி மனசில்தான் இருக்கிறது. க்ரானிக் ஃபட்டீக் என்பதெல்லாம் வேலை செய்ய மனமில்லாதவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பேர். காலையில் எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள் சகோதரி.

---

நாஞ்சில் டீச்சர்:

கண்ணன் சார், ஓடிப் பார்த்தவள் நான். அதனால்தான் இன்றைக்கு இதைப் படுத்துக்கொண்டு போனில் தட்டுகிறேன், ஒரே மூச்சில் எழுதவும் முடியாது, நேற்று கொஞ்சம் இன்று கொஞ்சம்.

2021 இரண்டாவது அலையில் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில்கூடச் சேரவில்லை, வீட்டிலேயே சரியாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு உடம்பு திரும்பவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பிடி டீச்சர், ஸ்டாமினா போய்விட்டது, மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம் என்று தினமும் கிரவுண்டைச் சுற்றி நடந்தேன். நடக்கிற அன்று ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டின மாதிரி, உடம்பெல்லாம் ஃப்ளூ வந்த வலி, வெளிச்சம் ஆகாது, பிள்ளைகள் பெயர்கூட நாக்கில் வராது. சில நாள் படுக்கை. தேறியதும் மறுபடி நடப்பேன், மறுபடி அதே. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கீழே போய்த்தான் நின்றது.

எத்தனையோ டாக்டர்கள் மனச்சோர்வு என்றார்கள். அந்த மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிட்டேன். கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டர்தான் உட்காரவைத்துக் கேட்டார், "நாளைக்கே உடம்பு சரியாகிவிட்டால் என்ன செய்வீங்க?" என்று. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு கோகோ டீம் கட்டுவதில் ஆரம்பித்து நான் அடுக்கிக்கொண்டே போனேன், அவர் சிரித்துவிட்டார். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பெரும்பாலும் எதிலும் ஆசையே வராது. எனக்கு ஆசைக்குக் குறைச்சல் இல்லை, செய்தால் உடம்பு பழிவாங்குகிறது. இரண்டும் சேர்ந்து வருகிறவர்களும் உண்டு, மனச்சோர்வு மட்டமான நோய் என்றும் நான் சொல்ல வரவில்லை. அசதியோடு வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்கிற எண்ணம் யாருக்காவது வந்தால் 14416 டெலிமானஸ், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மல்லிக்கு வருகிறேன். நீங்கள் யூடியூபில் பார்த்த க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்தான் எனக்கு இருப்பது, இந்த நோய்க்கு எம்இ/சிஎஃப்எஸ் என்றும் பெயர். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. 2015-ல் அமெரிக்காவில் மருத்துவக் கழகம் வகுத்த அளவுகோல்படி, முன்பு செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய முடியாத அளவுக்கு அசதி ஆறு மாதமாவது இருக்க வேண்டும், உழைப்புக்குப் பின் நான் மேலே சொன்ன அந்தச் சரிவு வர வேண்டும், தூங்கினாலும் தெளிவு வரக் கூடாது, இதோடு மூளை மந்தமோ நின்றால் தலைசுற்றலோ இரண்டில் ஒன்று. மற்ற காரணங்களையும் தேடிப் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு படி ஏறும்போது அந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறது, ஏறி முடித்து உட்கார்ந்தால் தணிகிறது இல்லையா? எனக்கு அப்படி இல்லை, இரண்டு நாள் கழித்துத்தான் பில் வரும். ஆகவே முதலில் லேப் அக்கா சொன்ன வழியில் போங்கள். இரும்பு சரியான பிறகும் அசதி விடாமல் இருந்தால், எந்த நாளில் என்ன செய்தீர்கள், எப்போது விழுந்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். எனக்கு வைத்தியம் கிடைத்தது அந்த நோட்டால்தான், ஃபைல் நிறைய இருந்த ஸ்கேனால் இல்லை.

நின்றால் தலைசுற்றல், படபடப்பு இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. பத்து நிமிஷம் படுத்திருந்து நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டு, எழுந்து சுவரில் சாய்ந்து பத்து நிமிஷம் நின்று, நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு முப்பதோ அதற்கு மேலோ ஏறி அப்படியே நின்றால் பாட்ஸ் என்கிற பிரச்சினையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள், விழுந்துவிடுவோம். ரத்தசோகையிலும் இப்படி ஏறும் என்பதால் மல்லிக்கு இப்போது இந்தச் சோதனை வேண்டாம்.

கண்ணன் சாருக்கு ஒரு தகவல். 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இருநூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் இந்த மாதிரி நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் அங்கே வேலை பார்த்த நர்சுகளும் டாக்டர்களும். மருத்துவமனையையே மாதக்கணக்கில் மூட வேண்டியதாயிற்று. 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிவிட்டு, நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமலே, மாஸ் ஹிஸ்டீரியா என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பேச்சின் மிச்சத்தைத்தான் நீங்கள் இன்றைக்கு இங்கே பேசுகிறீர்கள். உடற்பயிற்சியைப் படிப்படியாக ஏற்றுகிற சிகிச்சையை இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் அமைப்பே 2021 அக்டோபரில் சொல்லிவிட்டது. மற்றவர்களுக்கு நடைப்பயிற்சி நல்லதுதான், எல்லா அசதிக்கும் அதே மருந்து இல்லை.

---

திருப்பூர் மல்லி:

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி, நாஞ்சில் டீச்சருக்குக் கூடுதலாக, படுத்த இடத்திலிருந்து இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்.

பழைய சிபிசியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எம்சிவி 74, ஆர்டிடபிள்யூ 17.9, பக்கத்தில் சின்னதாக அம்புக்குறிகூடப் போட்டிருக்கிறார்கள், ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த முறை வேறொரு டாக்டர், பெண் டாக்டர். நீங்கள் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன், பச்சரிசியையும் சேர்த்து. அவர் அந்த வரியில்தான் நிறுத்தினார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். ஃபெரிட்டின் 5. சிஆர்பி நார்மல். பி12 260, பார்டர்தான் என்றார். ஃப்ரீ டி4 நார்மல், டிஎஸ்எச் 4.9, தைராய்டைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நாலு சென்டிமீட்டரில் ஒரு நார்த்திசுக் கட்டி, உதிரப்போக்குக்கு அது காரணமாக இருக்கலாமாம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ரத்தப்போக்கைக் குறைக்க அந்த நாட்களில் மட்டும் போட மாத்திரை கொடுத்திருக்கிறார்.

இரும்பு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அதில்தான் சந்தேகம். வயிறு புரட்டுகிறது, மலச்சிக்கல், கறுப்பாகப் போகிறது, பார்த்ததும் பயந்துவிட்டேன். தோழி ஒருத்தி ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும் என்கிறாள். வீட்டில் அன்னபேதி செந்தூரம் என்கிற சித்த மருந்தை வாங்கித் தருகிறேன் என்கிறார்கள், இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா? டீயை மட்டும் விட முடியவில்லை அக்கா, பதினோரு மணி டீ இல்லாமல் எங்கள் ஆபீசே ஓடாது.

---

மதுரை லேப்காரி:

கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்படாதே. தார் மாதிரி பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் மட்டும் டாக்டரைக் கூப்பிடு. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று உன் தோழி சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒரு டோஸ் இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்கிற ஹார்மோன் ஏறி, ஒரு நாள் வரைக்கும் அடுத்த டோசைக் குடல் எடுக்கவிடாமல் தடுக்கிறது. 2017-ல் சுவிட்சர்லாந்தில் இரும்புக் குறைவுள்ள பெண்களை வைத்துப் பார்த்ததில், மாற்று நாளில் போட்டவர்களுக்குத்தான் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் ஏறியது. வயிற்றுத் தொந்தரவும் குறையும். ஆனால் நீயே மாற்றிக்கொள்ளாதே, உன் டாக்டரிடம் இதைக் கேள், உன் அளவு 5 என்பதால் அவர் தினமும் போடச் சொல்லக்கூடும்.

செந்தூரத்திலும் இரும்புதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் வயிறு இன்னும் புண்ணாகும், எது வேலை செய்கிறது என்றும் தெரியாது. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் போய் அதை மட்டும் எடு, எதுவானாலும் சின்னவன் கைக்கு எட்டாத இடத்தில் வை. இரும்பு மாத்திரையைப் பிள்ளைகள் மிட்டாய் என்று நினைத்து முழுங்கினால் உயிருக்கே ஆபத்து, இது நிறையப் பேருக்குத் தெரியாது.

பதினோரு மணி டீயை யார் விடச் சொன்னது? மாத்திரையைக் காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டுவிடு. புரட்டினால் ராத்திரி படுக்கும்போது போடு. டீ அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளியிருந்தால் போதும். கால்சியம் மாத்திரை இருந்தால் அதையும் தள்ளி வை. நாளைக்குத் தைராய்டு மாத்திரை எழுதினால் அதற்கும் இரும்புக்கும் நாலு மணி நேரம் இடைவெளி.

நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை சரியில்லையா, குடல் உறிஞ்சவில்லையா, போகிற ரத்தம் வருகிற ரத்தத்தைவிட அதிகமா என்று டாக்டர் பார்ப்பார், அப்போது இரும்பை ஊசியாக ஏற்றுகிற வழியும் இருக்கிறது. 12-ஐத் தொட்டதும் தேறிவிட்டோம் என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் வருஷா வருஷம் என் கவுன்டருக்கே திரும்பி வருகிறார்கள். அதற்குப் பிறகும் மூன்று மாதம் போட வேண்டும். அது முடிந்து ஃபெரிட்டின் எடுக்கப் போகும்போது சளி, காய்ச்சல் இருக்கிற வாரமாகப் பார்த்துப் போகாதே, மாத்திரை போட்ட கையோடும் போகாதே. கட்டியின் அளவைப் பார்க்க ஸ்கேன் எப்போது திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டாயா? கேட்கவில்லை என்றால் அடுத்த தடவைக்கான தாளில் அதை முதல் வரியாக எழுது.